குதிரை ஏறினால் ஆட்டிசம் குணமாகுமா? பணம் கட்டும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருவண்ணாமலை கார்த்திகை தீபம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மலை உச்சி மகாதீபமும் 14 கிலோமீட்டர் கிரிவலமும் ஞாபகத்துக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை. மாடுகளோடு குதிரைகளும் அங்கே விற்பனைக்கு வரும்.

அந்தச் சந்தைக்கு, ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையனை அழைத்துப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மைக் செட் அலறல், ஹாரன், நெரிசல். பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுகிறான். மைதானத்தின் ஓரத்தில் ஒரு குதிரை அமைதியாகப் புல் மென்றுகொண்டிருக்கிறது. பையன் அதன் முன்னால் போய் நிற்கிறான். அழுகை நின்றுவிடுகிறது.

"என்னங்க, இவன் குதிரையப் பார்த்ததும் எப்படி அமைதியாயிட்டான் பாருங்க" என்கிறார் அம்மா. அன்று ராத்திரி போனைத் திறந்து தேடுகிறார். அவ்வளவுதான். அடுத்த ஒரு வாரத்துக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எதைத் திறந்தாலும் குதிரைதான். 'ஹார்ஸ் தெரபியில் பேச ஆரம்பித்த குழந்தை', 'பத்தே செஷனில் மாற்றம்' என்று வரிசை கட்டுகின்றன வீடியோக்கள்.

நம்பலாமா? ஊர் விட்டு ஊர் போய்ச் செலவு செய்யலாமா?

சுருக்கமான பதில்: குதிரை ஏறினால் ஆட்டிசம் குணமாகாது. ஆனால் 'எல்லாம் சும்மா' என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் உண்மையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

'குணம்' என்ற சொல்லிலேயே சிக்கல்

ஆட்டிசம் ஒரு நோய் அல்ல, மூளை வளரும் விதத்தில் இருக்கும் வேறுபாடு. தமிழில் சிலர் இதை மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று.

ஒவ்வொரு குழந்தையிடமும் இது ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒரு குழந்தை பேசவே பேசாது. இன்னொரு குழந்தை ரயில் டைம்டேபிளை வரி விடாமல் ஒப்பிக்கும், ஆனால் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் பதில் வராது. சிலருக்கு மிக்ஸி சத்தம் தாங்காது. சிலர் சுற்றிக்கொண்டே, குதித்துக்கொண்டே இருப்பார்கள். உடலுக்கு அந்த அசைவு தேவைப்படுகிறது.

இதை மாத்திரை போட்டோ, ஊசி போட்டோ 'எடுத்துவிட' முடியாது. பேச்சு, தினசரி வேலைகள், எரிச்சலைக் கட்டுப்படுத்துவது, மற்றவர்களோடு பழகுவது போன்றவற்றைப் பயிற்சியால் மேம்படுத்த முடியும். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி எல்லாம் அதற்குத்தான். குதிரைச் சவாரியும் அந்த வரிசையில் துணைக்கு வரும் ஒன்று. வரிசையின் முதல் இடம் அதற்கு இல்லை.

ஊட்டியில் ஒரு ரவுண்டு போவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் குதிரையில் ஒரு ரவுண்டு போய் போட்டோ எடுத்திருப்போம். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து ஓட, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அது பொழுதுபோக்கு.

தெரபி என்று சொல்லப்படுவதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

முதலாவது, ஹிப்போதெரபி. கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. இதை நடத்துபவர் பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அல்லது ஸ்பீச் தெரபிஸ்ட். குதிரையின் நடை அவருக்கு ஒரு கருவி. குழந்தை சவாரி கற்றுக்கொள்வது இதன் நோக்கம் கிடையாது.

இரண்டாவது, சிகிச்சை சார்ந்த குதிரையேற்றம். இதில் சிறப்புக் குழந்தைகளைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆசிரியர், நிஜமாகவே சவாரி சொல்லிக்கொடுப்பார். குதிரையை எப்படி அணுகுவது, எப்படித் துலக்குவது, எப்படி 'நட', 'நில்' சொல்வது என்று படிப்படியாகப் போகும். ஆட்டிசம் தொடர்பான பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைப் பற்றியவைதான்.

நம் ஊரில் இரண்டையும் சேர்த்து 'ஹார்ஸ் தெரபி' என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். அதனால் முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: "சார், நீங்க நடத்துறது இதுல எது?"

குதிரை அப்படி என்னதான் செய்கிறது?

மாயம் எதுவும் இல்லை. மூன்று விஷயங்கள் நடக்கின்றன.

ஒன்று, நடை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மேலும் கீழுமாக அசைகிறது. மேலே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் இடுப்பும் அதே போல அசையும். கிட்டத்தட்ட நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவது மாதிரியே. விழாமல் இருக்க முதுகும் வயிறும் ஒவ்வோர் அடிக்கும் வேலை செய்தாக வேண்டும். அசைவு ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வருவதால், அசைவைத் தேடும் உடலுக்கு அது கிடைக்கிறது. ஊஞ்சலில் பிள்ளைகள் ஏன் அமைதியாகிறார்கள் என்று யோசித்தால் இது புரியும்.

இரண்டு, பதில். "நட" என்று சொன்னால்தான் குதிரை நகரும் என்று ஆசிரியர் விதி வைத்திருப்பார். வாயால் சொல்ல வராத குழந்தை கையால் சைகை காட்டலாம், படத்தைத் தொட்டுக் காட்டலாம். ஆனால் ஏதாவது ஒரு வழியில் கேட்க வேண்டும். கேட்டதும் கிட்டத்தட்ட 400 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு நகர ஆரம்பிக்கிறது! 'நான் சொன்னால் நடக்கிறது' என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு குழந்தைக்குக் காட்ட முடியாது.

மூன்று, குதிரையின் சுபாவம். மனிதர்களின் முகம் நொடிக்கு நொடி மாறும். சொல்வது ஒன்று, குரலில் இருப்பது இன்னொன்று. ஆட்டிசம் உள்ள பலருக்கு இதைப் படிப்பது பெரும்பாடு. குதிரை கேள்வி கேட்காது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று அதட்டாது. பிடிக்காவிட்டால் காதைப் பின்னுக்கு மடிக்கும். நிம்மதியாக இருந்தால் தலையைத் தாழ்த்தும். அதன் மொழி எளிமையானது, பெரும்பாலும் மாறாதது.

இதோடு ஒழுங்கும் சேர்கிறது. ஒவ்வொரு வாரமும் அதே நேரம், அதே குதிரை. ஹெல்மெட் போடு, குதிரையைத் தடவு, ஏறு, சுற்று, இறங்கு, நன்றி சொல்லு. அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பதற்றம் குறையும்.

இது எங்கிருந்து வந்தது?

டென்மார்க்கைச் சேர்ந்த குதிரையேற்ற வீராங்கனை லிஸ் ஹார்ட்டல் 1944-ல் போலியோவால் பாதிக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே செயல் இல்லாமல் போனது. குதிரை ஏறவும் இறங்கவும் அவருக்கு இன்னொருவர் உதவி வேண்டும். அப்படியிருந்தும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு சேர்ந்து போட்டியிட்டு வெள்ளி வென்றார். 1956-ல் மறுபடியும் வெள்ளி.

அந்த வெற்றி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலரை யோசிக்க வைத்தது. 1969-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்ற அமைப்புகள் தேசிய அளவில் உருவாகின. ஆரம்பத்தில் போலியோ, பெருமூளை வாதம் போன்ற உடல் சார்ந்த பாதிப்புகளுக்குத்தான். ஆட்டிசம் பிறகுதான் உள்ளே வந்தது.

ஆட்டிசம் உள்ளவர்களே சொன்ன அனுபவங்களும் உண்டு. அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் ஆட்டிசம் உள்ளவர். பதின்ம வயதில் விடுதிப் பள்ளியில் படித்தபோது குதிரை லாயத்தைக் கவனிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். தினமும் சாணம் அள்ளி, தீவனம் வைத்து, லாயத்தைச் சுத்தம் செய்தார். அந்தப் பொறுப்பு தன்னை எப்படி வளர்த்தது என்று பின்னாளில் எழுதியும் பேசியும் இருக்கிறார். கவனியுங்கள், அவர் சொல்வதில் சவாரி மட்டும் இல்லை, வேலையும் இருக்கிறது.

'குதிரைப் பையன்' ரோவன்

இந்த விஷயத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஒரு அப்பா எழுதிய புத்தகம். பெயர் ரூபர்ட் ஐசக்சன். அமெரிக்காவின் டெக்சாஸில் வசித்தவர். மகன் ரோவனுக்கு 2004-ல் ஆட்டிசம் என்று உறுதியானது. கட்டுப்படுத்த முடியாத அழுகை, பேச்சு இல்லை. ஒருநாள் பையன் பக்கத்து வீட்டு மேய்ச்சல் நிலத்துக்குள் ஓடி, குதிரைகளின் காலடியில் போய் விழுந்தான். பெட்ஸி என்ற பெண் குதிரை, அவனை மிதிக்காமல் தலையைத் தாழ்த்தி நின்றது. அதன்பிறகு அப்பா அவனைத் தன் முன்னால் உட்காரவைத்துச் சவாரி போக ஆரம்பித்தார். குதிரை மேல் இருக்கும்போது பையனிடமிருந்து சொற்கள் வந்தன.

2007-ல் குடும்பமே மங்கோலியாவுக்குப் போனது. குதிரையில் பயணம், வழியெங்கும் அந்த ஊர்ப் பூசாரிகளிடம் வழிபாடு. திரும்பி வந்த பையனிடம் பெரிய மாற்றங்கள் தெரிந்ததாக அப்பா எழுதினார். 2009-ல் புத்தகமும் ஆவணப்படமும் வந்தன.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தெரியாது. பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு மலையைச் சுற்றும் பெற்றோரைப் பௌர்ணமிதோறும் இங்கே பார்க்கலாம். ஐசக்சனும் அப்படியொரு வேண்டுதலோடுதான் போனார்.

ஆனால் இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ரோவன் இன்னமும் ஆட்டிசம் உள்ளவன்தான் என்பதை அப்பாவே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு, எது வேலை செய்தது? குதிரையா, வழிபாடா, திறந்தவெளியா, வேலையை விட்டுவிட்டு அம்மா அப்பா இருவரும் நாள் முழுக்கக் கூடவே இருந்ததா? அல்லது வயது ஏற ஏறத் தானாக வந்திருக்கக்கூடிய வளர்ச்சியா? ஒரே ஒரு குழந்தையின் கதையை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நாம் வாட்ஸ்அப்பில் பார்க்கும் 'முன்பு, பின்பு' வீடியோக்களுக்கும் இதே பிரச்சினைதான்.

பொம்மைக் குதிரையும் நிஜக் குதிரையும்: ஆய்வு சொல்வது என்ன?

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வு வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் ராபின் கேப்ரியல்ஸ் குழுவினர் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் அது ஒன்று.

6 முதல் 16 வயது வரை உள்ள, ஆட்டிசம் உள்ள 127 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு 10 வாரம் குதிரையேற்றப் பயிற்சி. இரண்டாவது குழுவையும் அதே லாயச் சூழலுக்கு அழைத்துப்போய், குதிரைகளைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். ஆனால் உயிருள்ள குதிரையைத் தொட விடவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது, நிஜக் குதிரை அளவுக்குச் செய்த ஒரு பொம்மைக் குதிரை!

ஏன் இப்படி? சும்மா வீட்டில் இருக்கும் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், முன்னேற்றம் குதிரையால் வந்ததா, வெளியே போய்வந்ததால் வந்ததா, அன்பாகப் பேசிய ஆசிரியரால் வந்ததா என்று தெரியாது. இரு குழுவுக்கும் மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டுக் குதிரையை மட்டும் மாற்றினால், வித்தியாசம் குதிரையால் வந்தது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

முடிவு? நிஜக் குதிரைக் குழுவில் எரிச்சலும் அதீதத் துறுதுறுப்பும் கூடுதலாகக் குறைந்தன. ஐந்தாவது வாரத்திலிருந்தே வித்தியாசம் தெரிந்தது. சமூகத் தொடர்பில் முன்னேற்றம் இருந்தது. பேசிய சொற்களின் எண்ணிக்கையும், புதுச் சொற்களும் அதிகமாயின.

நல்ல செய்திதான். ஆனால் முழுசாகப் படிப்போம். எரிச்சல் குறைந்ததா என்று மதிப்பெண் போட்டவர்கள், குழந்தையைக் கவனித்துக்கொள்பவர்கள். தங்கள் பிள்ளை குதிரை ஏறியது அவர்களுக்குத் தெரியும். 'முன்னேறியிருக்க வேண்டும்' என்ற ஆசை மதிப்பெண்ணில் கலக்க வாய்ப்பு உண்டு. முன்னேற்றம் என்பதும் சராசரிக் கணக்கு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பலன் வரும் என்று அர்த்தம் இல்லை. இதற்கு முன்னும் பின்னும் வந்த ஆய்வுகளில் பல மிகச் சிறியவை. உதாரணத்துக்கு, 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் 34 பிள்ளைகள்தான். அதிலும் குறிப்பாக, ஆட்டிசம் 'போய்விட்டது' என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை.

ஆக, ஆய்வுகளை வைத்துச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முறையாக நடத்தப்படும் குதிரையேற்றப் பயிற்சி, சில பிள்ளைகளுக்கு எரிச்சலைக் குறைக்கவும் தொடர்புகொள்ளவும் உதவலாம். மற்ற தெரபிகளோடு சேர்த்துச் செய்யலாம். மற்ற தெரபிகளை நிறுத்திவிட்டு இதைச் செய்யக் கூடாது.

நம்மிடம்தான் குதிரை இருக்கிறதே, ஊருக்கு ஊர் தொடங்கலாமே?

தீபச் சந்தையில் குதிரை வருகிறது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் பெரிய குதிரைச் சந்தையே நடக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்குக் கிடைக்கிறது. அப்புறம் என்ன?

இங்கேதான் ஆபத்து. சந்தையில் கூட்டம் கூடுவது உயரமான, மிடுக்கான குதிரைகளைச் சுற்றித்தான். மேளத்துக்கு ஆடும் நாட்டியக் குதிரைக்குத் தனி மவுசு. தெரபிக்கு வேண்டியது நேர் எதிர் குணம். பக்கத்தில் குழந்தை திடீரென்று கத்தினாலும், பிடரியைப் பிடித்து இழுத்தாலும், மேலே உட்கார்ந்து கையைத் தட்டினாலும் அசையாமல் நிற்க வேண்டும். குதிரை இயல்பிலேயே பயந்து ஓடித் தப்பிக்கும் விலங்கு. ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்தாலே மிரளும். அதை இந்த அளவுக்குப் பழக்குவதற்குக் காலமும் திறமையும் வேண்டும்.

ஆட்களும் வேண்டும். ஒரு குழந்தை ஏறினால், குதிரையைப் பிடித்து நடத்த ஒருவர், இரண்டு பக்கமும் குழந்தையோடு நடக்கும் 'சைடு வாக்கர்' இருவர், சொல்லிக்கொடுக்க ஆசிரியர். ஒரு பிள்ளைக்கு நான்கு பெரியவர்கள்! குதிரைக்கோ தினமும் எட்டு, பத்து கிலோ தீவனம், சில வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு சீர் செய்வது, தடுப்பூசி, கால்நடை மருத்துவர். குதிரை வேலை செய்யாத நாளிலும் செலவு உண்டு.

இதனால்தான் உலகம் முழுக்க இது செலவு பிடிக்கும் விஷயமாகவே இருக்கிறது. இந்தியாவிலும் பெருநகரங்களை ஒட்டியே இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கு ஒரு செஷனுக்காகப் போய்வருவது என்றால் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் பயணம். பஸ்ஸில் ஏறினாலே பதறும் பிள்ளைக்கு, 45 நிமிட சவாரிக்காக ஒரு முழுநாள் பயணம் லாபமா நஷ்டமா என்பதைப் பெற்றோர்தான் கணக்குப் போட வேண்டும். வேலைக்குப் போகும் அப்பா, அம்மாவுக்கு அந்த ஒருநாள் சம்பளமும் கணக்கில் வரும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

சரி, பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். முதல் நாள் பிள்ளையை அழைத்துப் போகாமல் நீங்கள் மட்டும் போங்கள். இதையெல்லாம் கேளுங்கள்.

1. நடத்துபவர் யார்? தெரபிஸ்ட் என்றால் என்ன படிப்பு? சவாரி ஆசிரியர் என்றால் சிறப்புக் குழந்தைகளோடு எத்தனை வருட அனுபவம்?

2. குழந்தையை முதலில் மதிப்பீடு செய்வார்களா? மருத்துவரின் ஒப்புதல் கேட்கிறார்களா? கேட்காமலேயே 'நாளைக்கே வாங்க' என்றால் யோசியுங்கள். வலிப்பு இருக்கும் பிள்ளைகள், முதுகெலும்பு, இடுப்பு, கழுத்து எலும்புப் பிரச்சினை உள்ளவர்கள், குதிரை முடிக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஏறவே கூடாது.

3. ஹெல்மெட் உண்டா? பிள்ளையின் தலை அளவுக்குச் சரியாக இருக்கிறதா? ஹெல்மெட்டே பிடிக்காத பிள்ளைகள் நிறைய. அதைப் பழக்க எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருப்போம் என்று சொல்பவரை நம்பலாம். 'பரவாயில்ல, இன்னைக்கு ஒருநாள் இல்லாம ஏறட்டும்' என்பவரிடமிருந்து கிளம்பிவிடுங்கள்.

4. ஒரு குழந்தைக்கு எத்தனை பேர் கூட நடப்பார்கள்?

5. குறிக்கோள் என்ன? 'நல்ல சேஞ்ச் தெரியும்' என்பது குறிக்கோள் அல்ல. 'பத்து வாரத்தில், உதவி வேண்டும் என்றால் சைகை காட்டிக் கேட்பான்' என்பது குறிக்கோள். அதை எப்படி அளப்பார்கள், எழுதி வைப்பார்களா?

6. பிள்ளை ஏற மாட்டேன் என்றால் என்ன செய்வார்கள்? தூக்கி உட்காரவைப்பார்கள் என்றால் வேண்டாம். கீழே நின்று தடவுவதும் தீவனம் வைப்பதும்கூடப் பயிற்சிதான். டெம்பிள் கிராண்டினை நினைத்துக்கொள்ளுங்கள்.

7. குதிரை எப்படி இருக்கிறது? விலா எலும்பு தெரிகிறதா, முதுகில் புண் இருக்கிறதா, நிழலும் தண்ணீரும் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளைச் சுமக்கிறது? வலியில் இருக்கும் குதிரை எப்போது உதறும் என்று சொல்ல முடியாது. குதிரையின் நலமும் உங்கள் பிள்ளையின் பாதுகாப்பும் வேறு வேறு இல்லை.

8. 'குணமாகிவிடும்' என்று சொல்கிறார்களா? ஸ்பீச் தெரபியை நிறுத்தச் சொல்கிறார்களா? ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்கிறார்களா? மூன்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் திரும்பி வந்துவிடலாம்.

இந்த எட்டாவது கேள்வி குதிரைக்கு மட்டுமல்ல. ஆட்டிசத்துக்கு என்று சந்தையில் விற்கப்படும் எதற்கும் கேட்கலாம். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஸ்டெம்செல் ஊசி போடுவது வரைக்கும் போயிருக்கிறது இந்த வியாபாரம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் சொல்ல வேண்டியதாயிற்று.

குதிரையே இல்லாத ஊரில் என்ன செய்வது?

பெரும்பாலான தமிழ்நாட்டுக் குடும்பங்களின் நிலைமை இதுதான். கவலைப்பட வேண்டாம். முதலில் செய்ய வேண்டிய எதற்கும் குதிரை தேவையில்லை.

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, வந்த சொற்கள் நின்றுபோயின என்றால் காத்திருக்காதீர்கள். 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று பாட்டி சொல்வார். சொல்லட்டும். நீங்கள் டாக்டரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பரிசோதனையும் தெரபியும் அங்கே இலவசம்.

சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்க, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். 1999-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இயங்குகிறது. அலைச்சல் இல்லாமல் எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் தனியார் இடத்தில் பணம் கட்டுவதற்கு முன், இந்தக் கதவுகளை ஒருமுறை தட்டிவிடுங்கள்.

அடுத்து, குதிரையிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. மேலே சொன்னதில் பாதியை வீட்டிலேயே செய்யலாம்.

தாளமான அசைவு வேண்டுமா? ஊஞ்சல், சேலைத் தூளி, அப்பாவின் தோளில் யானைச் சவாரி. எவ்வளவு நேரம், எப்படி என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

'கேட்டால் நடக்கும்' என்ற பாடம் வேண்டுமா? ஊஞ்சலை நிறுத்துங்கள். பிள்ளை ஒரு சத்தமோ, சைகையோ, பார்வையோ கொடுக்கும் வரை பொறுங்கள். கொடுத்த நொடியில் ஆட்டுங்கள். குதிரை செய்வதும் இதைத்தான். காத்திருக்கிறது, கேட்டதும் நகர்கிறது. நாம் பெரும்பாலும் காத்திருப்பதில்லை. பிள்ளை கேட்கும் முன்பே தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

ஒழுங்கு வேண்டுமா? தினமும் அதே நேரம், அதே வரிசை. விலங்கோடு பழக வேண்டுமா? பக்கத்து வீட்டு ஆடு, கன்றுக்குட்டி இருந்தால் பெரியவர் துணையோடு தழை கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். இது தெரபி ஆகாது, ஆய்வு எதுவும் இதற்குச் சான்று தரவில்லை. ஆனால் பிள்ளைக்குப் பிடித்திருந்தால் அது ஒரு நல்ல சாயங்காலம். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் விலங்கு பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கடைசியாக ஒரு விஷயம்

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆற்றின் நடுவில் திட்டாகத் தெரியும் 'மண் குதிர்'தான் பேச்சுவழக்கில் 'குதிரை' ஆகிவிட்டது என்றும் விளக்கம் சொல்வதுண்டு. எதுவானாலும் பொருள் ஒன்றுதான்: கால் வைத்தால் தாங்குமா என்று பார்த்துவிட்டு இறங்கு.

குதிரைச் சிகிச்சை முழுக்க மண்குதிரை இல்லை. கொலராடோவில் பொம்மைக் குதிரையோடு இருந்த பிள்ளைகளைவிட, நிஜக் குதிரையோடு இருந்த பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்கள், கொஞ்சம் அமைதியானார்கள். அந்தக் 'கொஞ்சம்' ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பது, ராத்திரி முழுக்கப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அம்மாவுக்குத் தெரியும். அதே 'கொஞ்சத்தை' 'குணம்' என்று பெயர் மாற்றி விற்கும்போதுதான் அது மண்குதிரை ஆகிறது. அதை நம்பி இறங்கும் குடும்பம் பணத்தை மட்டும் இழப்பதில்லை. தெரபி அதிகம் பலன் தரும் சின்ன வயதையும் இழக்கிறது. பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். மூன்று வயது திரும்ப வராது.

தீபச் சந்தையில் உங்கள் பிள்ளை குதிரை முன்னால் நின்று அமைதியானால், கொஞ்ச நேரம் அப்படியே நிற்க விடுங்கள். போட்டோ எடுக்க அவசரம் வேண்டாம். அவனுக்கு எது பிடிக்கிறது, எந்த இடத்தில் அவன் உடல் தளர்ந்து நிம்மதியாகிறது என்று தெரிந்துகொண்டீர்களே, அதைக் குறித்துவையுங்கள். அடுத்த முறை தெரபிஸ்டைப் பார்க்கும்போது முதலில் அதைச் சொல்லுங்கள். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.